முப்பது வயசானால் இடிக்கலாம்

வேலை நாட்களில் மாலை ஆறரைக்கு மேல் நான் பாயான் பாருவில் நடக்கிறேன். உடம்புக்காக இல்லை. ஆறு மணிக்குக் காரை எடுத்தால் பாலத்தில் ஊர்ந்து ஊர்ந்து புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். எட்டு மணிக்கு எடுத்தால் அதில் பாதி. நடுவில் கிடக்கும் நேரத்தை எங்காவது கழிக்க வேண்டும். மாமாக் கடையில் உட்கார்ந்தால் தே தாரிக்கோடு ரொட்டியும் உள்ளே போகும், வயிறு முன்னால் வரும். அதனால் நடை. பிறந்து பத்தொன்பது வயது வரை வளர்ந்த இடத்தில், ஜாம் குறைவதற்காகக் காத்திருக்கும் வெளியாளாக நடந்துகொண்டிருக்கிறேன். 2016இல் எங்கள் பிளாட்டை விற்றுவிட்டுப் பெருநிலம் போய்விட்டோம். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இதை எழுத வைத்தது ஒரு கோபம். சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியச் சந்திப்பில் மூத்த எழுத்தாளர் ஒருவர், பெயர் வேண்டாம், மனசில் கெடுதல் இல்லாத மனிதர், என்னிடம் சொன்னார்: "தம்பி, நீங்க எல்லாம் உங்க வேரை எழுதணும். தோட்டத்தை எழுதுங்க." நான் தோட்டத்தில் தூங்கிய இரவுகளை எண்ணினால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். பாட்டி செத்தபோது மூன்று, கோயில் திருவிழாவுக்கு சில. "நான் பாயான் பாரு ஐயா" என்றேன். "அங்க என்ன இருக்கு எழுதறதுக்கு? பெக்டரியும் பிளாட்டும்தானே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

பெக்டரியும் பிளாட்டும்தான். அதிலிருந்தே தொடங்கலாம்.

1969இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுக அந்தஸ்தை இழந்தது. துறைமுகத்தை நம்பிப் பிழைத்த ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம். அதே வருஷம் முதலமைச்சரான லிம் சோங் யூவின் அரசு பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தைத் தொடங்கியது. எல்லாரும் பி.டி.சி. என்று சொல்வார்களே, அதுதான். 1972இல் பாயான் லெப்பாசில், நெல் விளைந்த பக்கத்தில், மலேசியாவின் முதல் தீர்வையற்ற தொழிற்பேட்டை வந்தது. அந்த வருஷமே இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கே கட்டியது. ஏ.எம்.டி., ஹியூலட் பெக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ் என்று வரிசையாக வந்தார்கள். வேலை செய்ய வருகிறவர்கள் தங்க வேண்டுமே, அதற்காகப் பி.டி.சி. பக்கத்திலேயே எழுப்பிய புதுநகர்தான் பாயான் பாரு. பாயான் என்றால் மலாயில் கிளி. பாயான் லெப்பாஸ் விட்டுவிடப்பட்ட கிளி, பாயான் பாரு புதுக்கிளி. சின்ன வயதில் இது எனக்குப் பெரிய வேடிக்கை.

இன்று அந்த முதலமைச்சரின் பெயரில் கடலோர நெடுஞ்சாலை இருக்கிறது. தினமும் அதில்தான் ஜாமில் நிற்கிறேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அந்தத் தொழிற்பேட்டையை நிறுத்தியவர்கள் பெயரில் ஒரு சந்துகூட இல்லை. பாயான் பாருவின் பெரிய தெருக்களுக்கு மாசூரியின் பெயர். லங்காவிக் கதையில் பொய்ப்பழி சுமத்திக் கொல்லப்பட்ட பெண். தெருவுக்குப் பெயர் வைத்த அதிகாரி என்ன நினைத்து வைத்தாரோ, தெரியவில்லை. ஆனால் பெண்களின் உழைப்பில் எழுந்த ஒரு நகரத்துக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

காரை ஸ்பைஸ் அரங்கம் பக்கம் நிறுத்துவேன். நாங்கள் இன்னும் பீசா என்றுதான் சொல்வோம். 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டிகளுக்காகக் கட்டியது. பீசா நீச்சல் குளத்தில்தான் நான் நீந்தப் பழகினேன், அதாவது பழகாமல் தண்ணீர் குடித்தேன். இப்போது பக்கத்தில் மாநாட்டு மண்டபம், அதன் கூரைமேல் புல்வெளிப் பூங்கா. சும்மா சொல்லக் கூடாது, அழகாக இருக்கிறது. ஒரு மணி நேரம் அங்கேயே சுற்றலாம். மாற்றம் எல்லாவற்றையும் திட்டுகிற ஆள் நான் இல்லை. அம்மா நாலாம் மாடிக்கு அரிசி மூட்டையும், அப்பா தோளில் கேஸ் தோம்பும் சுமந்து ஏறியதைப் பார்த்து வளர்ந்தவன், லிஃப்ட்டை எதிர்த்துக் கட்டுரை எழுத மாட்டான்.

கூரையிலிருந்து இறங்கி மார்க்கெட் பக்கம் நடந்தால் பழைய பாயான் பாரு மெல்லத் தலை காட்டும். ஐந்து மாடிப் பிளாட்டுகள். வெயிலில் வெளுத்த சுவர். மாடிப்படி ஓரத்தில் செருப்பு, உடைந்த சைக்கிள், துளசித் தொட்டி. பின்னாலேயே முப்பது நாற்பது மாடியில் கண்ணாடிக் கோபுரங்கள். ஏழு மணிக்கு வெயில் சாயும்போது கோபுர நிழல் பிளாட்டுகள் மேல் விழும். நாங்கள் இருந்த காலத்தில் அந்த நேரத்து மேற்கு வெயில் நேரே எங்கள் சமையலறைக்குள் வரும். அம்மா ஜன்னலில் பழைய போர்வையைத் தொங்க விடுவார். இன்று அந்த வீட்டில் இருப்பவர்களுக்குப் போர்வை தேவைப்படாது.

அம்மா 1985இல் இங்கே வந்தார், பாலம் திறந்த வருஷம். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, பத்தொன்பது வயதில். ஒரே அறையில் ஐந்து பெண்கள். மூன்று தமிழ், இரண்டு மலாய். முதல் இரண்டு வருஷம் ஒயர் பாண்டிங். சிலிக்கான் சில்லையும் அதன் கால்களையும் தங்கக் கம்பியால் இணைக்கும் வேலை. கம்பியின் தடிமன் 25 மைக்ரான், தலைமுடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே கை நகர வேண்டும். ஒரு புள்ளி தள்ளி விழுந்தால் சில்லு குப்பை. எட்டு மணி நேரம், ஓ.டி. வந்தால் பன்னிரண்டு. பிறகு தானாக ஒட்டும் மெஷின்கள் வந்தன, அம்மா பல மெஷின்களுக்கு ஒரே ஆளாக நின்றார். நான் இப்போது அந்த மாதிரி மெஷின்களின் டேட்டாவைத்தான் திரையில் பார்க்கிறேன். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, எஞ்சினியர் என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு. அம்மா கையால் செய்ததை நான் வரைபடமாகப் பார்க்கிறேன்.

அந்தப் பெண்களுக்குச் சங்கம் கிடையாது. 1988 வரை மின்னணுத் துறைத் தொழிலாளர்கள் தொழிற்சங்கம் அமைக்க அரசாங்கம் விடவில்லை. விட்டபோதும் அந்தந்தக் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் சின்னச் சங்கம் மட்டும் என்றார்கள். தோட்டத் தொழிலாளிக்காவது ஒரு சங்கம் இருந்தது, திட்டுவதற்கு ஒரு சங்கத் தலைவர் இருந்தார். இவர்களுக்கு அதுவும் இல்லை.

இது கதை இல்லையா? பினாங்கில் பிறந்த மானுடவியலாளர் ஐவா ஓங், சிலாங்கூர் ஆலைகளில் மலாய்ப் பெண்களுக்குப் பேய் பிடித்ததை வைத்து 1987இல் ஒரு புத்தகமே எழுதினார். உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். மைக்ராஸ்கோப்புக்குள் பேயைப் பார்த்து ஒரு பெண் அலறினால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். அம்மாவின் லைனிலும் அப்படி அலறியிருக்கிறார்கள். ஒரு தடவை போமோ வந்து தண்ணீர் தெளித்தாராம், மறுநாள் தமிழ்ப் பெண்கள் சூப்பர்வைசருக்குத் தெரியாமல் மெஷின் ஓரத்தில் விபூதி வைத்தார்களாம். இதை அம்மா எனக்குச் சொன்னது போன வருஷம்தான், கீரை ஆய்ந்துகொண்டே. தமிழில் இதை யார் எழுதினார்கள்?

அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போய்ப் 'பால்மரக்காட்டினிலே' எழுதினார். விருந்தாளியின் கண்ணுக்கே தோட்டம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. நம்மவர்களும் எழுதினார்கள், சிலர் மிக நன்றாகவே எழுதினார்கள். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்க'ளைப் படித்துவிட்டு நான் பாட்டியை வேறு ஆளாகப் பார்த்தேன். ரெ. கார்த்திகேசு இங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். படித்த நடுத்தர வர்க்கத்தை எழுதினார், அது அவருக்குத் தெரிந்த உலகம். குறை சொல்லவில்லை. ஆனால் தோட்டத்துக்கும் பேராசிரியர் வீட்டுக்கும் நடுவில், காலை ஐந்தே முக்காலுக்கு நீலமும் வெள்ளையுமான பெக்டரி பஸ் ஏறிய ஒரு தலைமுறை இருந்ததே? ஒன்றிரண்டு கதைகள் எங்கோ இருக்கலாம். தோட்டக் கதை மலைக்குப் பக்கத்தில் அவை கண்ணுக்குத் தெரியவில்லை. சிறுகதைப் போட்டி என்றால் இன்றும் பால்வாளி, மண்டோர், கள்ளுக்கடை, இடிந்த மாரியம்மன் கோயில். எழுதுகிற பையன் வேலை செய்வது தொழிற்பேட்டையில், குடியிருப்பது பதினெட்டாம் மாடியில்.

ஏன் இப்படி? பாசார் மாலாமில் ஒரு நாள் நடந்தபோதுதான் எனக்கு ஒரு காரணம் தோன்றியது. சரியா தப்பா, நீங்கள் சொல்லுங்கள். தோட்டம் முழுக்க நம்முடையது. நம் கோயில், நம் பள்ளிக்கூடம், நம் சண்டை, நம் சாவு. லிட்டில் இந்தியாவும் அப்படித்தான், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு 1833 என்று ஒரு வருஷமும் இருக்கிறது. பாயான் பாருவில் எதுவும் முழுசாக நம்முடையது இல்லை. என்னை ஆறு வயது வரை பார்த்துக்கொண்டவர் எதிர் வீட்டு மாக்சிக். அம்மா இரவு ஷிப்ட் என்றால் அவர் வீட்டில்தான் தூங்குவேன். அவர் வீட்டுச் சாம்பல் சோத்தோங் வாசனை எனக்கு அம்மா வீட்டுச் சாம்பார் மாதிரி. கீழ் வீட்டு ஆ பெக் என் கணக்கு நோட்டைத் திருத்துவார். எனக்குத் தமிழில் திட்டத் தெரிவதற்கு முன் ஹொக்கியனில் திட்டத் தெரியும். இந்த இடத்தை எழுதினால் அது தமிழர் வரலாறா? நம் இலக்கியம் அடையாளத்தைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறது, கலப்பாக இருப்பதைக் கண்டால் அதற்குக் கண் கூசுகிறது. தூய்மையாக நம்முடையதாக இருந்தால்தான் நினைவு என்று ஒரு விதியை நாமே போட்டுக்கொண்டோம்.

அந்த விதியின் விலை என்ன என்று கம்போங் புவா பாலாவில் பார்த்தோம். குளுகோரில், பாயான் பாருவிலிருந்து பத்து நிமிஷக் காரில் இருந்த தமிழ்க் கிராமம். மாடுகள் மேய்ந்ததால் அதற்கு ஹை சப்பரல் என்று ஒரு கௌபாய்ப் பெயரும் உண்டு. நிலம் அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு மாறியது. கிராமத்து மக்கள் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். 2009 செப்டம்பரில் வீடுகளை இடித்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா தினமும் தமிழ்ப் பேப்பரை உரக்கப் படிப்பார், அம்மா ஷிப்ட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்று கேட்பார். அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதைக் காப்பாற்ற நாம் என்ன பேச வேண்டியிருந்தது என்று யோசியுங்கள். எத்தனை தலைமுறை, எத்தனை பழமை, மாடு இருக்கிறது, கோயில் இருக்கிறது, இதுதான் கடைசி. ஓர் ஏழைக்கு வீடு போகிறது என்பது போதவில்லை, பாரம்பரியம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எங்கள் பிளாட்டில் மாடு இல்லை.

பாரம்பரியம் என்ற சொல் பினாங்கில் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2008 ஜூலையில் ஜோர்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, சுமார் 260 ஹெக்டர். அங்கே பழைய கடைவீட்டில் ஜன்னலை மாற்ற வேண்டுமென்றாலும் மாநகர் கழகத்திடம் கேட்க வேண்டும். நல்லது. ஆனால் அந்தக் கடைவீடுகளில் குடியிருந்தவர்கள் எங்கே? 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த சட்டம் 1997இல் ரத்தானது, 2000 பிறந்தபோது கட்டுப்பாடு முழுக்கப் போய்விட்டது. வாடகை ஏறியது, ஆட்கள் வெளியேறினார்கள். எங்கள் மாடியிலேயே அப்படி வந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்தத் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், கடல் காற்று இல்லை என்று கடைசி வரை புலம்பினார். இன்று டவுனில் ஒரு சுவர் முழுக்கத் தமிழ்ப் படகோட்டி ஒருவரின் ஓவியம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் முன் நின்று செல்பி எடுக்கிறார்கள். படகோட்டியின் பேரன் ரெலாவ் பக்கம் ஏதாவது பிளாட்டில் இருப்பான். ஆளை அனுப்பிவிட்டு முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். எஞ்சினியர் இல்லையா, எண் இல்லாமல் முடியாது.

2025 ஆகஸ்டில் நகர்ப் புதுப்பிப்பு மசோதா மக்களவையில் தாக்கலானது. இப்போதுள்ள அடுக்குமாடிச் சட்டப்படி, ஒரு பிளாட்டைக் கலைத்து இடித்துக் கட்ட எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும். மசோதா சொன்னது வேறு. கட்டடத்துக்கு வயது முப்பதும் அதற்குக் கீழும் என்றால் 80 விழுக்காடு சம்மதம் போதும். முப்பதைத் தாண்டினால் 75. கைவிடப்பட்டது, ஆபத்தானது என்றால் 51. பெரிய எதிர்ப்பு வந்தது, விவாதம் தள்ளிப்போனது. அந்த மசோதா கடைசியில் என்ன ஆனாலும் சரி, அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் நினைப்பு ஒரு மசோதாவோடு வந்ததும் இல்லை, அதோடு போகப்போவதும் இல்லை. டவுனில் ஒரு கட்டடத்துக்கு வயது ஏற ஏற அதைத் தொடுவது கஷ்டம். பாயான் பாருவில் வயது ஏற ஏற இடிப்பது சுலபம். ஒரே தீவு, ஒரே மாநகர் கழகம். அங்கே நூறு வயது மரியாதை. இங்கே முப்பது வயது குற்றம்.

வித்தியாசம் செங்கல்லில் இல்லை. அந்தக் கட்டடங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், படம் பிடித்திருக்கிறார்கள், யார் எந்த வருஷம் எங்கிருந்து வந்து என்ன விற்றார் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பிளாட்டைப் பற்றி எழுதப்பட்ட ஒரே ஆவணம் பராமரிப்புக் கட்டண பாக்கிப் பட்டியல், கீழ்த்தளத்தில் ஒட்டியிருக்கும்.

"அப்ப அஞ்சு மாடிப் பிளாட்டை யுனெஸ்கோவுல சேக்கணுமா?" என்று ஆபீஸ் நண்பன் கேட்டான். சேர்க்க வேண்டாம்டா. ஆனால் கேட்டதும் சிரிக்க வேண்டிய கேள்வியும் இல்லை அது. சிங்கப்பூரில் டக்கோட்டா கிரசன்ட் என்று 1958இல் கட்டிய சாதாரண வாடகை பிளாட்டுகள் இருந்தன. குடியிருந்தவர்கள் 2016க்குள் வெளியேற வேண்டியிருந்தது. அவர்களும் கட்டடக்கலைக்காரர்களும் படம் எடுக்கிறவர்களும் சேர்ந்து எழுதினார்கள், பேசினார்கள், மனு கொடுத்தார்கள். 2017 கடைசியில் ஆறு பிளாக்குகளை வைத்துக்கொள்வதாக அரசாங்கம் அறிவித்தது. கவனியுங்கள், கட்டடம் தப்பியது, ஆட்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். அதனால் அதையும் பெரிய வெற்றி என்று நான் கொண்டாட மாட்டேன். ஏழைகள் இருந்த பிளாட்டுக்கும் நினைவு இருக்கிறது என்று ஓர் அரசாங்கத்தை ஒத்துக்கொள்ள வைக்க முடியும், அதற்கு முதலில் யாராவது எழுதியிருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

அந்த 75 விழுக்காட்டில் இன்னொன்றும் இருக்கிறது. எண்ணுவது உரிமையாளரை. குடியிருப்பவரை இல்லை. எங்கள் பழைய பிளாக்கில் இன்று பாதி வீடு வாடகை, என் கணக்கு அது, படியேறி செருப்புகளைப் பார்த்து எண்ணியது. நேப்பாளப் பையன்கள், வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியப் பெண்கள். ஒரு வீட்டு வாசலில் பதினொரு ஜோடிச் செருப்பு. அதே தொழிற்பேட்டை, அதே ஷிப்ட் பஸ். 1985இல் அம்மா ஐந்து பெண்களோடு ஓர் அறையில் இருந்த வாழ்க்கையை இன்று இவர்கள் வாழ்கிறார்கள். நம் ஆட்கள் மார்க்கெட்டில் நின்று "இவனுங்க வந்து ஏரியாவே கெட்டுப்போச்சு" என்கிறார்கள். தமிழில்தான் சொல்கிறார்கள். மூன்று தலைமுறைக்கு முன் கப்பலில் வந்து இறங்கியதைப் பற்றி வருஷா வருஷம் கவியரங்கம் நடத்துகிறவர்களின் வாயிலிருந்தும் இதே சொல் வருவதைக் கேட்டிருக்கிறேன்.

நானும் அந்தக் கணக்கில் இல்லை, நாங்கள் விற்றுவிட்டோமே. அதைச் சொல்கிறேன் என்றேன். மலிவு வீட்டுக்கு 25,000 வெள்ளிதான் உச்சவிலை என்று இருந்த காலத்தில் அம்மா வாங்கிய வீடு. அம்மா பெயரில் மட்டும், அதில் அவருக்கு ஒரு கர்வம். 2009இல் உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிந்தபோது அவர் வேலை பார்த்த ஆலையில் ஆட்குறைப்பு. இருபத்து நாலு வருஷம். ஓர் அட்டைப்பெட்டியும் கேக்கும் கொடுத்தார்கள். அடுத்த ஏழு வருஷம் ஒரு பள்ளிக் கென்டீனில் தட்டு கழுவினார். முட்டி போய்விட்டது, நாலு மாடி ஏற முடியவில்லை. எனக்குப் பல்கலைக்கழகச் செலவு. நல்ல விலை வந்தது, விற்றோம். யாரும் எங்களை விரட்டவில்லை. புல்டோசர் வரவில்லை, போலீஸ் வரவில்லை, பேப்பரில் வரவில்லை. எங்கள் தலைமுறையின் வெளியேற்றம் இப்படித்தான் நடக்கிறது, ஒவ்வொரு குடும்பமாக, வக்கீல் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொஞ்சம் சந்தோஷத்தோடுகூட. இன்று அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு பாயான் பாருவில் புதுக் கோபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் விற்பனைப் பெண் காப்பி கொடுத்து அனுப்பி வைப்பார். நான் போனேன், காப்பி நன்றாக இருந்தது. என் சம்பளத்துக்கும் வங்கி தலையாட்டவில்லை.

ஒப்பாரி வைக்க எனக்கு விருப்பமில்லை. தோட்டத்தை எழுதியவர்களில் பலர் செய்தது அதைத்தான், தோட்டம் போன பிறகு. லயத்தில் எல்லாரும் ஒரு தாய் பிள்ளை மாதிரி இருந்தோம் என்பார்கள். பாட்டியிடம் கேட்டால் வேறு சொல்லியிருப்பார். மண்டோர் கையையும் தாத்தாவின் கள்ளுச் செலவையும் அவர் மறக்கவில்லை. எங்கள் பிளாட்டும் சொர்க்கம் இல்லை. மூன்றாம் மாடியில் ஒருவர் பெல்ட்டால் மனைவியை அடிப்பார், எல்லார் வீட்டு டிவி சத்தமும் ஏறும். நான் கேட்பது இடிபடுவதற்கு முன்னால், ஆள் இருக்கும்போதே எழுதுவது. அந்தப் பெண்களுக்கு இப்போது அறுபது வயது. மைக்ராஸ்கோப்பில் தேய்ந்த கண்ணோடு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பெருநிலத் தாமான்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். டேப் ரெக்கார்டர்கூடத் தேவையில்லை, கைப்பேசி போதும். மூத்த எழுத்தாளர்களைக் குறை சொல்லிவிட்டு நான் மட்டும் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. இருபத்தெட்டு வயது வரை அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெக்டரி என்றால் வேலை, வேலையில் என்ன கதை என்று நானும் அவர் மாதிரியேதான் நினைத்திருந்தேன்.

போன வாரம், மார்க்கெட் பின்னால் நின்றுகொண்டு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அங்கேதான் முன்பு பெக்டரி பஸ் நிற்கும்.

"ம்மா, உங்க லைன்ல எத்தன பேரு இருந்தீங்க?"

"எதுக்கு இப்ப?"

"சும்மா கேக்குறேன்."

"பேரு எல்லாம் மறந்துபோச்சு. நம்பர் ஞாபகம் இருக்கு." ஆறு இலக்கத்தில் தன் தொழிலாளர் எண்ணைச் சொன்னார், ஒரு தடவைகூடத் தடுமாறாமல். பிறகு பக்கத்து மெஷின் பெண்ணின் எண்ணையும் சொன்னார். "ராத்திரி மூனு மணிக்கு ரெஸ்ட் விடுவாங்க. கென்டீன்ல ஒருத்தி மிளகாய் கிள்ளிப் போட்டு மாகி போடுவா. அவ மலாக்காரி. அவ தங்கச்சி கல்யாணத்துக்குத்தான் ஒன்ன வயித்துல வச்சிக்கிட்டு பாலிக் பூலாவ் போனேன்."

"அவங்க இப்ப எங்க?"

"தெரியலடா. அவங்களும் பிளாட்ட வித்துட்டுப் போய்ட்டாங்க." கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஜாம் கொறஞ்சிருச்சா? வரப்ப ரொட்டி வாங்கிட்டு வா."

ஒரு பஸ் வந்து நின்றது, நீலமும் வெள்ளையும். பையன்கள் வரிசையாக இறங்கினார்கள். அந்த இரண்டு எண்களையும் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தேன்.